நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்

(எமது சனிக்கிழமை மாலை ஒலிபரப்பில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மெல்பேர்ணின் தென்கிழக்கே லிஸ்ரர்ஃபீல்ட் பூங்கா என்று ஒரு இடம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2006ஆம் ஆண்டு பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளின் மலைச் சைக்கிள் ஓட்டம் நடந்தது அங்கேதான். ஞாயிறு காலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே சைக்கிள் ஓடப் போவதுண்டு. எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் வைத்தியர் சொல்லி வந்தவர்கள், மீதிப் பேர் மனைவி சொல்லி வந்தவர்கள். நான் இரண்டிலும் அடக்கம்.

உண்மையைச் சொன்னால், நாங்கள் மலை ஏறும் நேரத்தைவிட வாகனத் தரிப்பிடத்தில் நின்று சாமான்களைப் பற்றிப் பேசும் நேரம் அதிகம். எந்த ரயர் நல்லது, காற்று எவ்வளவு அடிக்க வேண்டும், முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல், காபன் சட்டம் வாங்கினால் எத்தனை கிராம் குறையும். கோயில் திருவிழாவில் நகை பார்ப்பது போல ஒருவர் சைக்கிளை மற்றவர் குனிந்து பார்ப்போம்.

சில மாதங்களுக்கு முன் எங்களில் மூத்தவரான ஒரு அண்ணை, அறுபதைத் தாண்டியவர், புதுச் சைக்கிளோடு வந்தார். மின்கலம் பூட்டிய சைக்கிள். நீங்கள் உழக்கினால் அதுவும் கொஞ்சம் கூடச் சேர்ந்து தள்ளும். எங்களில் ஒருவர், "அண்ணை, பெற்றோல் எங்கை ஊத்துறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அண்ணையும் சிரித்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

அந்தச் சிரிப்பு புதிதல்ல, நூறு வருடத்துக்கு மேல் பழையது என்று பிறகு சைக்கிளின் வரலாற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

சுங்கான் பிடித்துக்கொண்டு போனவர்

இன்று நாம் காணும் வடிவத்தில் சைக்கிள் வந்தது 1885இல். இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பவர் 'ரோவர்' என்ற பெயரில் செய்தார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். மட்டமான தெருவில் ஓடுவதற்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு இது நன்றாக விளங்கும். எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மதகு ஏறுவதுதான். ஒற்றைக் கியர் றலி சைக்கிளில் பின்னால் ஒரு மூட்டையையும் முன்னால் ஒரு பிள்ளையையும் வைத்து மைல் கணக்காக உழக்கினோம். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத நாட்களில் அதே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஒருவரும் அதற்குக் கியர் இல்லையே என்று கவலைப்பட்டதில்லை.

மலை என்று வந்தால்தான் கணக்கு மாறுகிறது. பிரான்சில் சென் எத்தியன் நகரில் போல் டி விவி என்ற பட்டு வியாபாரி இருந்தார். 1887இல் 'லு சிக்லிஸ்ற்' என்ற சஞ்சிகையை ஆரம்பித்து, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். அவருடைய ஊருக்கு மேலே 1,161 மீற்றர் உயரத்தில் ரிப்பப்ளிக் கணவாய் இருக்கிறது. 1889இல் அவர் அதில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவருடைய வாசகர் ஒருவர் வாயில் சுங்கானோடு ஆறுதலாக அவரைத் தாண்டிப் போனாராம்.

வெலோசியோவுக்கு ரோசம் வந்தது. ஆனால் என்ன செய்வது? இருப்பதோ ஒரே கியர். வேகமாகப் போகப் பெரிய பல்லைப் போட்டால் ஏற்றத்தில் கால் நகராது. ஏற்றத்துக்குச் சின்னப் பல்லைப் போட்டால் சமதரையில் கால் பம்பரமாகச் சுற்றும், வண்டி போகாது. அன்றிலிருந்து அவர் ஒரே சைக்கிளில் பல கியர்களை வைப்பதற்கு வழி தேடினார். முதலில் செயினைக் கையால் தூக்கி மாற்றினார். பிறகு செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் பொறிகளுக்காக வாதாடினார். பிரெஞ்சில் அந்தப் பொறியின் பெயருக்குத் தடம்புரளச் செய்வது என்று பொருள். ரயில் தடம்புரள்வதற்கும் அதே சொல்தான்.

கணக்காளன் என்பதால் இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பழைய றலியில் முன்னால் 46 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் போகும். இன்றைய மலைச் சைக்கிளில் முன்னால் 32 பல்லும் பின்னால் 51 பல்லும் இருந்தால், ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் ஒன்றரை மீற்றருக்கும் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் சாதாரண மனிதன் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில்தான் போகலாம். அந்த வேகத்தில் றலிக்காரர் நிமிடத்துக்குப் பதினைந்து சுற்றுத்தான் சுற்றுவார். ஒவ்வொரு சுற்றும் கிணற்றிலிருந்து கல்லைத் தூக்குவது போல இருக்கும், முழங்கால் போய்விடும். மற்றவர் நிமிடத்துக்கு அறுபது சுற்றளவில் சுகமாகச் சுற்றுவார். இருவரும் செய்யும் வேலை ஒன்றுதான். பெரிய கடனை ஒரேயடியாகக் கட்டுவதா, தவணை முறையில் கட்டுவதா என்பதுதான் வித்தியாசம். கியர் என்பது தவணை முறை.

ஒரு பெண்ணும் ஒரு பத்திரிகை ஆசிரியரும்

1902ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரான்சின் டூரிங் கிளப் ஒரு சோதனைப் போட்டி நடத்தியது. இடம் பிரனீஸ் மலைத்தொடர், 2,115 மீற்றர் உயரமான துர்மலே கணவாய். மலைக்கு எந்தச் சைக்கிள் உகந்தது என்று பார்ப்பதே நோக்கம். அதில் மார்த் ஹெஸ் என்ற பெண், மூன்று கியர் கொண்ட 'கோலுவாஸ்' சைக்கிளில் ஓடி முடித்தார். அவர் காலைத் தரையில் ஊன்றவே இல்லை என்று சொல்வார்கள்.

இதைப் பார்த்த ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதினார்: சோதனை நல்லதுதான், ஆனால் கியர் மாற்றும் பொறியெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், பொறியின் தந்திரத்தால் வெல்வதைவிடத் தசையின் பலத்தால் வெல்வதல்லவா மேல், எனக்கு ஒற்றைக் கியரே போதும் என்ற கருத்தில். அவர் பெயர் ஆன்ரி டெகிரான்ஜ். அடுத்த வருடம், 1903இல், ரூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கியவர் இவரேதான். 1902இல் அவருக்கு வயது 37. 1893இல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சாதனை படைத்தவர். கால் பலம் உள்ளவர் பேசியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் கையில் ஒரு பந்தயத்தின் சட்டப் புத்தகமும் இருந்தது.

அந்தச் சட்டத்தின் விலையை ஓட்டக்காரர்கள் செலுத்தினார்கள். 1910இல் ரூர் முதன்முதலாகப் பிரனீசின் பெரிய கணவாய்களுக்குப் போனது. ஜூலை 21ஆம் திகதி, ஒரே நாளில் 326 கிலோமீற்றர், துர்மலே உட்பட. ஓட்டக்காரர்கள் பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். துர்மலேயை இறங்காமல் ஏறி முடித்தவர் குஸ்தாவ் கரிகூ ஒருவரே. அவருக்கு 100 பிராங்க் பரிசு கிடைத்தது. அன்று வென்ற ஒக்தாவ் லப்பீஸ், ஒபிஸ்க் கணவாயில் பந்தய அதிகாரிகளைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். அந்த வருடப் பந்தயத்தையும் அவரே வென்றார். ஏழு வருடத்தின் பின் முதல் உலகப்போரில் விமானியாக இறந்தார்.

1913இல் நடந்தது இன்னும் கொடுமை. துர்மலேயிலிருந்து இறங்கும்போது இயூஜின் கிறிஸ்தோஃப் என்பவரின் சைக்கிளின் முன் கவை முறிந்தது. வேறு சைக்கிள் எடுக்கக்கூடாது, யாரிடமும் உதவி பெறக்கூடாது என்பது சட்டம். அவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, சென்ற் மரி டி கம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறைக்குப் போய், தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டினார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தியை ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்தான். அது பிறர் உதவி என்று சொல்லி நேரத் தண்டனையும் விதித்தார்கள்.

கியர் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? பின் சில்லின் இரு பக்கமும் ஒவ்வொரு பற்சக்கரம் இருக்கும். மலை அடிவாரத்தில் இறங்கி, சிறகு நட்டைக் கழற்றி, சில்லைத் திருப்பிப் போட்டு ஏறவேண்டும். உச்சியில் மறுபடியும் திருப்ப வேண்டும். 1920களில் இத்தாலியில் குறோச்சே டோனே மலையில் பனி கொட்டும் நாளில் துலியோ கம்பன்யோலோ என்ற இளைஞரின் விரல்கள் விறைத்து, அந்த நட்டைத் திருக முடியாமல் போனது என்று ஒரு கதை உண்டு. அந்த ஆத்திரத்தில் அவர் யோசித்துச் செய்ததுதான், நெம்பினால் உடனே சில்லு கழரும் அந்தச் சின்னக் கைப்பிடி. இன்றும் எத்தனையோ சைக்கிள்களில் இருக்கிறது. 1933இல் அவர் தொடங்கிய நிறுவனம் உலகப் புகழ் பெற்றது.

டெகிரான்ஜின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்தொகையில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதக்கூடாது. ஆரம்பகாலக் கியர்கள் சேற்றில் அடைபட்டன, செயின் கழன்றது, பலத்தில் ஒரு பகுதி உராய்வில் வீணானது. அதைவிட முக்கியம், பந்தயத்தை மனிதன் வெல்ல வேண்டும், சைக்கிள் கொம்பனியின் பணம் வெல்லக்கூடாது என்பது அவருடைய பயம். 1930இல் கொம்பனி அணிகளை நிறுத்திவிட்டு, தேசிய அணிகளுக்கு ஒரே மாதிரியான மஞ்சள் சைக்கிள்களைத் தானே கொடுத்தார். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1936இல் உடல்நலக் குறைவால் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். வயது 71. மறு வருடமே, 1937இல், ரூர் டி பிரான்சில் கியர் மாற்றும் பொறி அனுமதிக்கப்பட்டது. அதைப் பூட்டி ஓடிய ரொஜே லப்பெபி அந்த வருடம் வென்றார். கிழவர்களுக்கு என்று சொல்லப்பட்ட பொறி சம்பியன்களின் பொறியானது. அதற்கு 35 வருடம் எடுத்தது. வெலோசியோ அதைக் காணவில்லை. அவர் 1930இல் தன் ஊரில் டிராம் மோதிக் காலமானார். ரிப்பப்ளிக் கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

புகை பறந்த பிரேக்குகள்

இனிக் கடல் கடந்து கலிபோர்னியாவுக்குப் போவோம். ஏனென்றால் இன்று நாங்கள் லிஸ்ரர்ஃபீல்டில் ஓடும் மலைச் சைக்கிள் பிறந்தது அங்கேதான். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் தமல்பாய்ஸ் மலையும் அதைச் சுற்றிய குன்றுகளும் இருக்கின்றன. 1970களில் அங்கே சில இளைஞர்கள், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்யப்பட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான்காரரிடம் வாங்கி, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண் பாதைகளில் தலைகால் தெரியாமல் இறங்கினார்கள். தடித்த ரயர், இருபது கிலோவுக்கு மேல் பாரம், ஒரே கியர். பெடலைப் பின்னுக்கு உழக்கினால் பிடிக்கும் பிரேக்.

1976 ஒக்டோபர் 21ஆம் திகதி ஃபெயர்ஃபக்ஸ் என்ற ஊருக்கு அருகே அவர்கள் முதல் பந்தயம் வைத்தார்கள். மூன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்குள் நானூறு மீற்றர் சரிவு. கீழே வந்து சேரும்போது பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிறீஸ் எல்லாம் புகையாகப் போயிருக்கும். மறுபடி குடத்தைக் கழற்றிக் கிறீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதை ஆங்கிலத்தில் 'றீபாக்' என்பார்கள். அதுவே அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது. அந்தப் பாதையின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 செக்கன். கேரி ஃபிஷர் என்பவருடையது.

இறங்குவது சரி, ஏறுவது எப்படி? தள்ளிக்கொண்டு நடந்தார்கள், அல்லது யாருடைய லொறியிலாவது ஏற்றிக்கொண்டு போனார்கள். வெலோசியோவின் பிரச்சினை எண்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அப்படியே திரும்பி வந்தது. 1974இல் ஒரு போட்டிக்குக் கூப்பர்ட்டினோவிலிருந்து வந்த சில இளைஞர்களின் தடித்த ரயர்ச் சைக்கிள்களில் கியர் பூட்டியிருந்தது. ஃபிஷரும் அந்தக் காலத்திலேயே தன் பழைய ஷ்வின்னில் கியரும், டிரம் பிரேக்கும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியும் பூட்டினார். லொறி தேவையில்லாமல் போனது. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிதாகச் சட்டம் செய்தார். அவர் செய்த முதலாவது சைக்கிள் இன்று அமெரிக்காவின் சிமித்சோனியன் அரும்பொருளகத்தில் இருக்கிறது. 1979இல் ஃபிஷரும் சார்ளி கெலியும் ரொம் றிச்சி செய்த சட்டங்களை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள். விலை 1,300 டொலர் அளவில். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஜப்பானில் செய்வித்த 'ஸ்ரம்ப்ஜம்பர்' 750 டொலருக்கு வந்தது. 1996இல் மலைச் சைக்கிள் ஒலிம்பிக்குக்கே போய்விட்டது.

கவனியுங்கள். பழைய இரும்புக் கடையில் தொடங்கிய விளையாட்டு ஐந்தே வருடத்தில் 1,300 டொலருக்கு வந்துவிட்டது. டெகிரான்ஜின் பயம் முழுதும் வீண் அல்ல என்று சொன்னேனே, அது இதுதான். பிறகு முன் கவையில் ஸ்பிரிங் வந்தது, டிஸ்க் பிரேக் வந்தது, 26 அங்குலச் சில்லு 29 ஆனது, முன்னால் மூன்று பற்சக்கரம் இருந்த இடத்தில் ஒன்றும் பின்னால் பன்னிரண்டும் வந்தன. ஒவ்வொரு முறையும் பழையது உதவாது என்று சொல்லப்பட்டது.

எது தேவை, எது ஆசை?

இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் ஒரு கிலோ பாரம் குறைந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய இருபது செக்கன். முந்நூறு கிராம் குறைக்கப் பல நூறு டொலர் செலவழித்தால் மிஞ்சுவது ஆறு செக்கன். அந்த முந்நூறு கிராமை நான் இரண்டு கிழமைக்கு இரவில் புட்டைக் குறைத்தும் மிச்சம் பிடிக்கலாம். பந்தயம் ஓடுபவனுக்கு ஆறு செக்கன் பதக்கம். எனக்கு அது ஒரு தும்மல்.

ஆனால் சின்னக் கியர் அப்படி அல்ல. அது செக்கன் கணக்கு இல்லை. அது இருந்தால் நான் உச்சிக்குப் போகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் இறங்கி நிற்கிறேன். நான் முதலில் வாங்கிய சைக்கிளில் கடைக்காரர் பெரிய பற்சக்கரத்தைக் காட்டி, இதுதான் வேகம் என்று விற்றுவிட்டார். ஆறு மாதம் முழங்கால் நோவோடு தள்ளிக்கொண்டு நடந்தேன். கடைசியில் மகன்தான், "அப்பா, சின்னப் பல்லைப் போடுறதிலை என்ன வெக்கம்?" என்று கேட்டு மாற்றித் தந்தான்.

ஆகவே, சாமான்களில் இரண்டு வகை உண்டு. மேலே போகக்கூடியவனை இன்னும் கொஞ்சம் வேகமாகக் கொண்டுபோவது ஒன்று. மேலே போக முடியாதவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றது. நாங்கள் வாகனத் தரிப்பிடத்தில் வாய் பிளந்து பார்ப்பது முதல் வகையை. சிரிப்பது இரண்டாவது வகையைப் பார்த்து. 1902இலும் இதுதான் நடந்தது.

மின் சைக்கிளும் அந்த இரண்டாவது வகைதான். இங்கே மெல்பேர்ணில் நீங்கள் உழக்கினால் மட்டும் உதவும் வகைக்கு 250 வற் வரைதான் அனுமதி. மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டினால் மோட்டார் நின்றுவிடும். உழக்காமல் அது மலை ஏறாது. 2019இலிருந்து மின் மலைச் சைக்கிளுக்கு உலக சம்பியன் போட்டியும் நடக்கிறது. கிழவர்களுக்கு என்று சொன்னது மறுபடியும் சம்பியன்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுபக்கம், எத்தனையோ இளைஞர்கள் வேண்டுமென்றே ஒற்றைக் கியர் மலைச் சைக்கிள் ஓடுகிறார்கள். டெகிரான்ஜ் இருந்தால் மகிழ்ந்திருப்பார். அவர்கள் ஓடட்டும். தான் ஒற்றைக் கியரில் ஓடுவது ஒருவருடைய விருப்பம். மற்றவனும் அப்படித்தான் ஓட வேண்டும் என்பதுதான் பிழை.

2023 ஜூலையில் பெண்களுக்கான ரூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் துர்மலே உச்சியில் முடிந்தது. மார்த் ஹெஸ் அந்த மலையில் ஓடி 121 வருடம் ஆகியிருந்தது. ஓடிய அத்தனை பெண்களின் சைக்கிளிலும் கியர் இருந்தது. ஒருவரும் அவர்களின் வயதைக் கேட்கவில்லை.

இதையெல்லாம் படித்து முடித்த அன்று இரவு அந்த அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். டெகிரான்ஜின் கதையைச் சொன்னேன். அன்றைக்குச் சிரித்தது பிழை என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி தம்பி, ஞாயிற்றுக்கிழமை வாறன். ஆனால் மேலை போய் உங்களுக்காகக் கனநேரம் காத்து நிக்க என்னாலை ஏலாது" என்றார்.

வந்தார். காத்தும் நின்றார்.